ஒரு வரிசைக்கு ஒரு டோக்கன்

பேராசிரியர் பதவிக்கான நேர்காணலுக்கு அமலோற்பவம் வந்தது இது மூன்றாவது முறை. ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் பெண்களையும் அவர்களுடைய போராட்டங்களையும் பற்றி இருபத்திரண்டு வருடங்களாக எழுதிவருகிறாள். குழுத் தலைவர் அவளுடைய கட்டுரைகளைப் புரட்டிக்கொண்டே, "உலகமயம், பாலினம்னு பெரிய பெரிய வார்த்தையா இருக்கு. கடைசியில பாத்தா எல்லாம் பாத்ரூம் பிரச்சனைதானம்மா?" என்றார். மற்ற நால்வரும் சிரித்தார்கள்.

"ஆமா சார், அதேதான்" என்ற அமலோற்பவம், கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் டோக்கனை எடுத்து மேசையில் வைத்தாள். "நாப்பது பேர் தைக்கிற வரிசைக்கு இது ஒண்ணுதான். இது கையில இருந்தாத்தான் எழுந்து போக முடியும். போனவங்க வர்ற வரைக்கும் மத்தவங்க அடக்கிக்கிட்டுத் தைக்கணும். ஸ்டிரைக் அன்னிக்கு மெஷினை நிறுத்திட்டு வெளிய வந்தவங்க, இதை என் கையில குடுத்தாங்க."

பிறகு அவள் தன் ஆய்வை முதலிலிருந்து விளக்கத் தொடங்கினாள். ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு முறை டீ வந்தது. அவள் நிறுத்தவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தலைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"ஒரு நிமிஷம்மா. வந்துடறேன்."

அமலோற்பவம் டோக்கனின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"எதுக்குப் போறீங்க சார்? போன தடவை எப்பப் போனீங்க? அங்க சூப்பர்வைசர் இதைத்தான் கேப்பார். எல்லார் முன்னாடியும்."

பாதி எழுந்த நிலையில் அவர் மற்ற நால்வரையும் பார்த்தார். அவர்கள் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.