பச்சைத் தூசி

ஆடித்தபசுத் திருவிழாவோடு விசைத்தறி வேலையை விட்டுவிட்டாள் கோமதித்தாய். ஆவணி முடிந்தும் இருமல் நிற்கவில்லை. தூங்கி எழுந்தால் உடம்பு அடித்துப்போட்டாற்போல வலித்தது. தலையணையில் வெள்ளையாகப் பஞ்சுத்தூசி படிந்திருந்தது. வீட்டில் நூல் கிடையாது. தினமும் தட்டிவிட்டாள்.

இன்று தூசி பச்சையாக இருந்தது.

கூட வேலை பார்த்த மாலா மத்தியானம் வந்தாள்.

"தறியில இப்ப என்ன கலரு ஓடுது?"

"இத்தன நாளும் வெள்ளைதாம்க்கா. நேத்து சாயங்காலந்தான் பச்சை நூல்ல பாவு ஏத்துனாவ."

"என் தறிக்கு யாரு?"

"யாரையும் போடல. ஆனா காலையில போனா துணி ஓடிக் கெடக்கு. அறுந்த இழையில பூராம் ஒங்க எடதுகை முடிச்சு."

கோமதித்தாய் கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

மாலா வாசலில் நின்று திரும்பினாள். "ராத்திரி ஷிப்டு ஆளுக பயப்படுதாவளாம். நெய்யும்போது ஒங்கள இருமாம இருக்கச் சொன்னாருக்கா, மொதலாளி."