உள்தாழ்ப்பாள்

கடையின் சிமெந்துத் தரையில் அப்துல் முத்தலிப் சுண்ணக்கட்டியால் இரண்டு படகுகளை வரைந்து முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது.

லூமுட் துறைமுகத்துப் படகு வியாபாரி அனுப்பிய அளவுகள். இரண்டும் இருபத்துநான்கு அடி. எது வேண்டும் என்று இன்றே சொல்லியாக வேண்டும்.

இடப்பக்கத்துப் படகின் முன்பாதி மூடிய அறை: நான்கு படுக்கைகள், ஒரு கதவு. வலப்பக்கத்துப் படகில் அறையே இல்லை. சுற்றிலும் பலகை இருக்கை, மேலே துணிக்கூரை. பத்துப் பேர் அமரலாம்.

பங்கோர் தீவைச் சுற்றிவர என்று ஊரில் சொல்லிவைத்திருந்தார். உண்மையில் அது கடலைக் காணப் போவதில்லை. இங்கே, லெம்பா பெர்த்தாம் மலைப் பள்ளத்தாக்கில், கடைக்குப் பின்னால், மேலேயுள்ள அணையைப் பார்த்தபடி நிற்கப் போகிறது. மறுபடி சேற்று வெள்ளம் இறங்கினால் ஏறிக்கொள்ள.

மாடிப்படியை ஒட்டிய மேசையில் கந்தன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுபவன். பல ஆண்டுகளாக அவனுக்கு அதே இடம்தான்.

"என்னா பாய், ஆத்துல முட்டிக்காலு தண்ணிதான் லா ஓடுது. இதுல மெத்தை போட்ட கப்பலா?"

அவர் சிரிக்க முயன்றார். தகரக் கூரையில் மழை கனத்தது. கனத்தால் அவர் காதில் அந்த ஓசை எழும்.

மூன்று தட்டல். ஓர் இடைவெளி. பிறகு ஒன்று, வலுவிழந்து.

மனைவி ஹாஜராவிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை.

ஹாஜரா இடப்பக்கத்துப் படகுக்குள் நின்று காலடியைப் பார்த்தாள்.

"கதவுக்கு உள்ள சின்னதா ஒரு கோடு போட்டுருக்கீங்களே, அது என்னாங்க?"

"தாழ்ப்பா. தண்ணி உள்ள வந்துரக் கூடாதுல்ல."

தண்ணீர் தாழ்ப்பாளுக்கு அடங்காது என்பது அவருக்குத் தெரியும்.

வெள்ளத்தில் மிதக்கும் கட்டையில் பாம்பும் தவளையும் அருகருகே அமர்ந்து கரைசேரும் என்று கதை சொல்வார்கள். கட்டைக்குக் கதவு கிடையாது. மனிதன் கதவு வைத்துக்கொண்டான்.

சேறு வந்த அன்று இரவு, மாடிப்படியின் உச்சியில், கதவுக்கு உள்பக்கம் நின்றவர் அவர். வெளியே படியில் நின்று தட்டியது யாரென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. ஹாஜரா மகளின் பிரசவத்துக்காக ஈப்போவில் இருந்தாள். ஒவ்வொரு படியாகச் சேறு ஏறிக்கொண்டிருந்தது. திறந்தால் அதுவும் உள்ளே வரும் என்று தாழ்ப்பாளை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தார்.

தட்டல் நின்ற பிறகும் விடவில்லை.

விடிந்ததும் தப்பியவர்கள் யார், மாண்டவர்கள் யார் என்று பெயர்களை வாசித்தார்கள். அவர் அங்கே நிற்கவில்லை. அன்றுமுதல் கடைக்கு வருபவர்களின் முகத்தைப் பார்க்காமல், கையைப் பார்த்தே தேநீர் நீட்டினார்.

தண்ணீருக்குக்கூட அவர் அத்தனை அஞ்சவில்லை. திறந்த படகின் விளிம்பை எந்தக் கையும் பற்றிக்கொள்ளலாம். அன்று கதவைத் தட்டிய கை இதுதானே என்று கேட்டுக்கொண்டே பற்றலாம்.

"ரூமு வச்சதையே எடுத்துரலாம்" என்றார்.

கந்தன் எழுந்தான். சுண்ணக்கோடுகளை மிதிக்காமல் நடந்து வந்தான். இடப்பக்கத்துப் படகின் கதவுக்கு வெளியே குந்தி, விரல் முட்டிகளால் தரையில் தட்டினான்.

மூன்று. ஓர் இடைவெளி. பிறகு ஒன்று, மெதுவாக.

"தாழ்ப்பா இல்லாததையே வாங்குங்க, பாய்."

அவன் குரலில் கோபம் இல்லை. காலிக் கோப்பையை, எப்போதும்போல, மாடிப்படியின் கடைசிப் படியில் வைத்துவிட்டு மழைக்குள் இறங்கினான்.