பட்டுப் பிரிவில் ஸ்டூல் இல்லை

பட்டுப் பிரிவில் மூட்டுத் தேய்மானம் வந்த விற்பனைப் பெண்களுக்கெல்லாம் ஜவுளிக்கடையே முட்டியில் ஊசி போட்டது. மூட்டில் வலியை உணரும் செல்களின் ரிசப்டர்களை அந்த மருந்து அடைத்துவிடும்; வலி தெரியாது. போட்ட அன்று லட்டு கொடுத்தார்கள். மறுவாரம் ஸ்டூல்களை எல்லாம் குடோனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஒருத்தியான தெய்வானை, மேற்பார்வையாளர் குலசேகரனை ஸ்டூல் கேட்டு மறுபடியும் மறித்தாள். "வலிதான் சார் நின்னுருக்கு, தேய்மானம் நிக்கல. அப்பப்ப உக்காந்தாத்தான் மூட்டு மிஞ்சும்."

அவர் வலியை அளக்கும் ஸ்கேனரை அவள் முட்டியருகே பிடித்துப் பார்த்தார். "ரிசப்டர் எல்லாம் அடைஞ்சுதாம்மா இருக்கு. வலி காட்டினாத்தான் ஸ்டூல். ரூல் அப்படி."

"வலிச்சாத்தான் தேயும்னு யாரு சார் சொன்னது?"

அவர் அடுத்த கவுன்ட்டருக்குப் போய்விட்டார்.

கல்யாணப் புடவை எடுக்க வந்த பெண் மேல்தட்டைக் காட்டினாள். தெய்வானை ஏணியில் ஏறினாள். இரண்டாம் படியில் அவள் முட்டி, காய்ந்த மட்டை முறிவதுபோல் சத்தம் போட்டது.

அந்தப் பெண் பதறி எழுந்தாள். "இறங்கிடுங்கக்கா. வலிக்கலையா?"

"வலிக்கலம்மா. வலிச்சிருந்தா உக்கார விட்டிருப்பாங்க."