வரோம்

எங்கள் கல்லூரியின் வெளியுறவு வகுப்பில் இளங்கலை மாணவர்கள் பேசி முடிப்பதுதான் இப்போதெல்லாம் நாட்டின் கொள்கை. அவர்கள் சொல்வதை இயந்திரம் மொழிபெயர்த்து எதிர்நாட்டுக்கு அப்படியே அனுப்பிவிடும். மதிப்பெண் மட்டும் நான் போடுகிறேன்.

போன வாரம் மீன்பிடி எல்லைப் பேச்சு நல்லபடியாகவே முடிந்தது. எழுந்திருக்கும்போது ஜெனோவா, திரையில் தெரிந்த எதிர்நாட்டு மாணவர்களைப் பார்த்துக் கும்பிட்டு, "அப்ப நாங்க வரோம்" என்றாள். இயந்திரம் அதையும் அனுப்பியது. மாலைக்குள் அவர்களுடைய போர்க்கப்பல்கள் எல்லையில் வந்து நின்றுவிட்டன. எங்கள் படகுகள் கரையை விட்டு நகர முடியவில்லை. அவற்றில் ஒன்று ஜெனோவாவின் அப்பாவுடையது.

இன்று மறுபடி உட்கார்ந்து விளக்கம் சொன்னோம். பேசிப் பேசி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"முடிக்கும்போது 'போறோம்'னு சொல்லும்மா, போதும்" என்றேன் அவளிடம்.

"கடலுக்குப் போறவங்க வீட்டுல அந்த வார்த்தைய சொல்லவே மாட்டோம் மேடம்."

"தெரியும்மா. சொல்லிடு."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். திரை அணைந்தது. சற்று நேரத்தில் கப்பல்கள் திரும்பிவிட்டதாகச் செய்தி வந்தது. நான் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

அவளுடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். துறைமுகத்திலிருந்து அவள் அப்பா.

"படகெல்லாம் எடுத்துட்டோம் தாயி. வரட்டா?"

"வாங்கப்பா!" என்று சந்தோஷத்தில் கத்தினாள் ஜெனோவா.

அப்போதுதான் மேசைமேல் இருந்த மொழிபெயர்ப்பு இயந்திரத்தின் மைக்கைப் பார்த்தேன். அதை நாங்கள் அணைக்கவே இல்லை.