கலைவாணி கேட்ட புரோபேட்

“எல்லாத்தையும் கோர்ட்டுல போடுங்க சார்” என்றாள் கலைவாணி.

அண்ணன் கதிர்வேல் அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தான். அப்பாவின் காரியம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் தங்கைக்குக் கோர்ட் கேட்கிறது.

வக்கீல் ஜான்சன் பொறுமைசாலி. காகிதங்களை மறுபடியும் மேஜைமேல் பிரித்து வைத்தார்.

“இங்க பாரும்மா. அப்பா உயில் பதிவாயிருக்குது. உங்க ரெண்டு பேருக்கும் சரிபாதி. உயில் செல்லும்னு கோர்ட்டுல வாங்கற புரோபேட், வீடு காஞ்சிபுரத்துல இருக்கறதால கட்டாயமில்ல. பேங்க் டெபாசிட்டுக்கு நீ நாமினி, நெசவாளர் சொசைட்டி சேமிப்புக்கு உங்கண்ணன். வாங்கிப் பிரிச்சுக்க வேண்டியதுதான்.”

“தறிக்கு?”

“தறிக்கு யாரும்மா புரோபேட் கேப்பாங்க?” ஜான்சனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கதிர்வேலுக்கு வரவில்லை. “என்மேல நம்பிக்கை இல்லன்னு நேரா சொல்லிடு. கட்டிக்குடுத்த பொண்ணு கோர்ட் படி ஏறப் போவுதுன்னு தெருவே பேசிக்கினு இருக்குது.”

“உன்ன நம்பறேன்ணா.”

“அப்புறம் எதுக்கு வருஷக்கணக்கா இழுக்கணும்?”

கலைவாணி வக்கீலைப் பார்த்தாள். “புரோபேட் போட்டா, பெத்த பிள்ளைங்க எல்லார் பேரும் எழுதணும்ல சார்?”

“ஆமா. உயில்ல பேர் இல்லன்னாலும் எழுதணும். கோர்ட்டுலருந்து நோட்டீஸ் போவும்.”

“அப்ப எழுதிக்கங்க. மூத்த பொண்ணு மங்கையர்க்கரசி. அந்தோணின்னு ஒருத்தரைக் கட்டிக்கினு செவிலிமேட்டுல இருக்குது.”

கதிர்வேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“அப்பா கோர்வைச் சேலை நெய்யறப்ப, பக்கத்துல உட்கார்ந்து கரை போட்டது அக்காதான் சார். பத்து வருஷம். ரெண்டு பேர் நெய்தாலும் சொசைட்டி பாஸ்புக்குல அப்பா பேர் மட்டும்தான் ஏறும். அந்தக் கூலியிலதான் வீடு கட்டினாரு. அது கல்யாணம் பண்ணிக்கினு போனப்புறம், அப்பாவுக்குப் பயந்து நாங்க பேரையே சொல்லல. சாவுக்கும் சொல்லி அனுப்பல.”

கதிர்வேலுக்கு வெட்கமாக இருந்தது. சாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றவன் அவன்தான்.

ஜான்சன் பேனாவைத் திறந்தார். “யோசிச்சுக்கோம்மா. நோட்டீஸைப் பார்த்துட்டு, உயிலே செல்லாதுன்னு அவங்க சண்டைக்கு வந்து நிக்கலாம்.”

“சண்டைக்காவது வரட்டும் சார்” என்றாள் கலைவாணி. “நாங்க போய்க் கூப்பிட்டா வராது.”