பெருசு ஓடுகிறார்

எட்டிப் பிடிக்கவே முடியாத பந்து அது. ஆனாலும் பெருசு தலைதெறிக்க ஓடினார்.

பந்து கோட்டைத் தாண்டி விளம்பரப் பலகையில் மோதியது. மயிரிழையில் அவர் மோதாமல் தப்பினார்.

"அண்ணே, மூணு கோல் முன்னாடி இருக்கோம். யாரு தொரத்துறாங்க உங்கள?" என்று சிரித்தான் வலது ஓரத்தில் ஆடும் புல்லட். அணியிலேயே வேகமானவன், பெயர் சும்மா வரவில்லை.

பெருசு மூச்சு வாங்கியபடியே, பயிற்சியாளர் கையிலிருந்த டேப்லெட்டைக் கண்ணால் காட்டினார்.

ஒவ்வொருவர் சட்டைக்குள்ளும் ஒரு சின்னக் கருவி. யார் எவ்வளவு ஓடினார், எந்த வேகத்தில் ஓடினார், எல்லாம் உடனுக்குடன் அந்தத் திரைக்குப் போய்விடும். ஓட்டம் குறைந்தால் பெயர் சிவப்பாகும். சிவப்பானால் வெளியே. முகதாட்சண்யம் பார்க்கிற ஆளில்லை பயிற்சியாளர்.

முப்பத்தொன்பது வயதுப் பெருசுக்கு இதுதான் கடைசி ஆட்டம். இன்னும் சில நிமிடங்கள்தான். ஒரே ஒரு மாற்று ஆட்டக்காரரை இறக்க இடமிருந்தது. கோட்டருகே புதியவன் ஒருவன் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இது முதல் ஆட்டம்.

அவன் உள்ளே வரும்போது தான் வெளியே போய்விடக் கூடாது. பெருசுக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

மறுபடி ஓடினார். தொடையை யாரோ பிடித்து முறுக்கிப் பிழிகிற மாதிரி இருந்தது. நெஞ்சு பற்றி எரிந்தது. எதிரணிக்காரனே பரிதாபப்பட்டு வழிவிட்டான்.

பயிற்சியாளர் எழுந்துவிட்டார். திரையைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

போச்சு!

கோட்டருகே எண் பலகை உயர்ந்தது. பெருசு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

திறந்தபோது பலகையில் இருந்தது புல்லட்டின் எண்.

புல்லட்டா?

திரும்பிப் பார்த்தார். இடுப்பில் கைவைத்து, பூங்காவில் காற்று வாங்க வந்தவன் மாதிரி ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தான் அவன்.

"டேய், கால்ல என்னடா?"

"கிண்ணுன்னு இருக்குண்ணே." கண்ணடித்தான். "கொஞ்ச நேரமா நடந்து பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

பெருசின் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு வெளியேறினான்.

புதியவன் உள்ளே பாய்ந்தான். வலது ஓரத்துக்கு ஓடினான். கையை உயர்த்தி, அரங்கமே திரும்பிப் பார்க்கக் கத்தினான்:

"அப்பா! பந்த இங்க போடுங்க!"