ரவூப் பாயின் கேரண்டி

கண்ணால் பார்த்த கொலையை மறக்க ஐம்பதாயிரம் என்று விலை பேசினார்கள். "என் கண்ணு விக்கிற சரக்கு இல்ல" என்று திருப்பி அனுப்பினார் அப்துல் ரவூப். போனவர்கள் மறுபடி வரவில்லை. நாளை பொன்னேரி கோர்ட்டில் அவர்தான் ஒரே சாட்சி.

இன்று வழக்கம்போல் கும்மிடிப்பூண்டியில் தன் கார் அலங்காரக் கடையைத் திறந்தார். முதல் போணியாக ஒரு வெள்ளை சுமோ வந்தது. டிரைவரை உள்ளேயே விட்டுவிட்டு ஒருவன் இறங்கினான்.

"கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டணும் பாய்."

ரவூப் மூன்று துண்டுகளை விரித்தார். "இது வெயிலுக்கு. இது ஊட்டுப் பொம்பளைங்களுக்கு. இது கவுன்சிலருக்கு."

"கவுன்சிலர் சரக்கையே போடு. உள்ள ஆள் இருந்தா தெரியக் கூடாது."

"தெரிஞ்சா டப்பு வாபஸ், நைனா. நானே உள்ள குந்திக்கினு காட்டுவேன். ஊருக்கே தெரியும் என் கேரண்டி."

"அதைக் கேள்விப்பட்டுதான் வந்தேன்."

மதியத்துக்குள் வேலை முடிந்தது. சொன்னபடி ரவூப் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். மறுபக்கம் அவனும் ஏறினான். ரவூபின் விலாவில் கத்தி உறுத்தியது.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி சைதா சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். சுமோ கண்ணாடியில் முகம் பார்த்து முக்காட்டைச் சரிசெய்தாள். பிறகு கடைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னாங்க, எங்க போய்ட்டீங்க?" என்றாள்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

பேசிய கூலியைக் கத்திக்காரன் ரவூபின் சட்டைப் பையில் செருகினான்.

"கேரண்டி நின்னுடுச்சு பாய். வாபஸ் கிடையாது. கணக்கு நேர்."